கொலைகாரன் அகப்பட்டான், கொள்ளைக்காரன் எங்கே?

லங்காஷயர் ஆலைத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கி நம் நாட்டு நெசவாளியின் தறியை மூலையில் கிடத்திய கதையை நாம் அறிவோம். அந்த லங்காஷயரில் பர்ன்லி என்றொரு ஊர். அங்கே குவீன் ஸ்ட்ரீட் ஆலை என்று ஒரு பழைய நெசவாலை இருக்கிறது. நீராவி எஞ்சின் வைத்துத் தறி ஓட்டிய ஆலை. அது பொருட்காட்சி சாலையாகிப் பல வருஷங்களாகின்றன. டெலிவிஷன்காரர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறார்கள். தறிகளை ஓடவிடுகிறார்கள். பழங்காலத்து உடுப்பு மாட்டிய நடிகர்களைத் தறிக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். துணி விற்ற தேசம் இன்று துணி ஆலையின் படத்தை விற்கிறது!

ஆலையை எப்போதோ ஒரு முறைதான் காட்டுகிறார்கள். அதிகமாக விற்பனையாவது மாளிகை. பிரபுக்களும் சீமாட்டிகளும், வெள்ளித் தட்டில் கடிதம் ஏந்தி வரும் பட்லர்களும், குதிரை வண்டிகளும், நடன விருந்துகளும் நிறைந்த நாடகங்கள். அத்துடன் துப்பறியும் கதைகள். பி.பி.சி., ஐ.டி.வி. என்ற இரண்டு ஸ்தாபனங்களும் பழைய நாவல்களை எடுத்து இப்படி நாடகமாக்கி உலகமெங்கும் அனுப்புகின்றன.

"போனஸ் பேச்சு இழுபறியில் கிடக்கிறது, அறுவடைக் கூலி தீரவில்லை, இந்த நேரத்தில் வெள்ளைக்காரன் நாடகத்தைப் பற்றி நமக்கென்ன?" என்று ஒரு தோழர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இன்று நாடகம் பார்க்கக் கொட்டகைக்குப் போக வேண்டியதில்லை. கைபேசி போதும். காலேஜில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், இங்கிலீஷ் காதில் விழட்டும் என்று இவற்றைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து எஜமானர்கள் எவ்வளவு தங்கமானவர்கள்!" என்கிறார்கள். "பண்ணையார் நல்லவர்தான், காரியஸ்தன்தான் கெட்டவன்" என்ற பேச்சை நம் கிராமங்களில் கேட்டுக் கேட்டுச் சலித்த நமக்கு, இது புதிய சரக்கல்ல. அந்தச் சரக்கு எந்தப் பட்டறையில் தயாராகிறது என்று போய்ப் பார்ப்பதில் தவறில்லை.

பார்க்கவே கூடாது என்று சொல்லும் தோழர்களும் உண்டு. நான் அந்தக் கட்சியல்ல. அந்த நாடகங்களில் நடிப்பு முதல் தரம். மேஜை நாற்காலி செய்யும் தச்சனின் வேலையும், உடுப்புத் தைக்கும் பெண்களின் கைத்திறனும் மெச்சத்தக்கவை. பார்க்கலாம். எதைக் காட்டுகிறான் என்பதோடு எதைக் காட்டாமல் விடுகிறான் என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுப்பில் எரிந்த கரி

'டவுன்டன் ஆபி' என்ற நாடகத்தை எடுத்துக்கொள்வோம். ஐ.டி.வி. 2010 முதல் 2015 வரை ஆறு தொகுப்பாக ஒளிபரப்பியது. பிறகு மூன்று சினிமாப் படங்களும் வந்தன. யார்க்ஷயரில் ஒரு மாளிகை. அதில் கிரந்தாம் பிரபுவின் குடும்பம். கீழ்த்தளத்தில் பட்லர் கார்சன், சமையற்காரி பாட்மோர் அம்மாள், அடுப்படிப் பெண் டெய்சி முதலிய வேலைக்காரர்கள். படம் பிடித்தது ஹாம்ப்ஷயரில் உள்ள ஹைகிளியர் மாளிகையில். அதன் சொந்தக்காரரும் நிஜமான ஒரு பிரபுதான். கதை எழுதிய ஜூலியன் பெல்லோஸ் 2011-ம் ஆண்டில் கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் பிரபுக்கள் சபைக்குள் நுழைந்தார். ஆக, பிரபுவின் கதை, பிரபு வீட்டில் எடுத்தது, பிரபு எழுதியது!

நாடகத்தின் பிரபு மகா கருணையாளர். சமையற்காரிக்குக் கண் மங்குகிறது. பிரபு அவளை லண்டனுக்கு அனுப்பித் தன் செலவில் வைத்தியம் செய்விக்கிறார். பார்ப்பவர்களுக்குக் கண்ணில் நீர் துளிர்க்கிறது. அவள் தன் சம்பளத்திலேயே வைத்தியம் பார்த்துக்கொள்ள ஏன் முடியவில்லை என்ற கேள்வி அந்தக் கண்ணீரில் கரைந்து போகிறது. பிரபு நல்லவரா கெட்டவரா என்பது நமக்கு முக்கியமில்லை. வேலைக்காரியின் கண் பிரபுவின் மனசை நம்பி இருக்க நேர்ந்ததே, அதுதான் விஷயம்.

கதை தொடங்குவது 1912-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். டைட்டானிக் கப்பல் மூழ்கிய செய்தி வருகிறது. வாரிசு இறந்துவிட்டான், மாளிகையும் நிலமும் யாருக்குப் போகும்? இதுதான் பிரச்னை. பொழுது விடிவதற்கு முன்பே டெய்சி எழுந்து அறை அறையாகப் போய்க் கணப்பு மூட்டுகிறாள். அழகான காட்சி. கணப்பில் எரியும் கரியை வெட்டியது யார்?

அந்த 1912-ம் ஆண்டு பிப்ரவரி கடைசியில் பிரிட்டனில் சுமார் பத்து லட்சம் சுரங்கத் தொழிலாளர்கள் குறைந்தபட்சக் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏப்ரல் தொடக்கம் வரை நாடு பூராவும் கரி இல்லை. துறைமுகங்களில் கப்பல்கள் சும்மா நின்றன. டைட்டானிக் புறப்பட வேண்டும் என்பதற்காகவே மற்றக் கப்பல்களிலிருந்து கரியை எடுத்து அதில் நிரப்பினார்கள். பார்லிமெண்டு அவசரம் அவசரமாகக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஒன்றை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. டைட்டானிக் மூழ்குவதற்குச் சில நாள் முன்புவரை நடந்த சம்பவம் இது. மூழ்கிய கப்பல் நாடகத்துக்குத் தலைவாசலாகிவிட்டது. கப்பலை ஓட்டிய கரிக்காரன் கதைக்கு வெளியே நிற்கிறான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டெலிவிஷன் நாடகம் 1925-ம் ஆண்டின் கடைசி இரவில், புது வருஷம் பிறக்கும் மணியோடு முடிகிறது. 2019-ல் வந்த முதல் சினிமாவின் கதை 1927-ல் தொடங்குகிறது. இடையில் இருப்பது எந்த வருஷம்? 1926! மே மாதத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்காக ரயிலும் பஸ்ஸும் அச்சகமும் நிறுத்தி, ஒன்பது நாள் பிரிட்டனை அசைத்த பொது வேலைநிறுத்தம் நடந்த வருஷம். சுரங்கத் தொழிலாளர்கள் அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் தனியே நின்று பட்டினி கிடந்து போராடிய வருஷம். கதாசிரியரின் பேனா அந்தப் பள்ளத்தை எவ்வளவு சாமர்த்தியமாகத் தாண்டியிருக்கிறது!

அந்தச் சினிமாவில் வேலைக்காரர்களின் கலகம் ஒன்று வருகிறது. ஆம், கலகம்தான்! ராஜா ஜார்ஜ் மாளிகைக்கு விருந்தாளியாக வருகிறார். அரண்மனை வேலைக்காரர்கள் கூட வந்து, "நாங்களே பரிமாறுவோம், நீங்கள் ஒதுங்குங்கள்" என்கிறார்கள். டவுன்டன் வேலைக்காரர்கள் கொதித்து எழுகிறார்கள். சதி செய்து அரண்மனை ஆட்களை விரட்டிவிட்டு, ராஜாவுக்குத் தாங்களே பரிமாறி ஜெயிக்கிறார்கள். ஊதிய உயர்வுக்கல்ல, ஓய்வுக்கல்ல. ஊழியம் செய்யும் உரிமைக்காகப் போராட்டம்! பிரான்சன் என்று ஒரு பாத்திரம். அயர்லாந்துக்காரன், காரோட்டி, சோஷலிஸ்டு என்று சொல்லிக்கொண்டு வந்தவன். பிரபு மகளைக் கல்யாணம் செய்துகொண்டு பண்ணையின் காரியஸ்தனாகிறான். இந்தச் சினிமாவில் ராஜாவின் உயிரைக் காப்பாற்றுபவனும் அவனே. இதைவிட ஒருவனை வேறெப்படி மடக்க முடியும்?

இவ்வகை நாடகங்களை அமெரிக்க மக்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார் தெரியுமா? 1971-ல் அமெரிக்கப் பொது டெலிவிஷனில் 'மாஸ்டர்பீஸ் தியேட்டர்' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். பிரிட்டிஷ் நாடகங்களைக் காட்டுவதற்கென்றே ஏற்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தது மொபில் எண்ணெய்க் கம்பெனி. 2004 வரை, முப்பது வருஷத்துக்கு மேல், கொடுத்தது. எண்ணெய்க் கம்பெனிக்கு இலக்கியத்தின் மேல் வந்த காதலை என்னவென்று சொல்வது!

பஞ்சுத் தூசி

எல்லா நாடகமும் இப்படியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 'வடக்கும் தெற்கும்' என்ற நாவலை 2004-ம் ஆண்டில் பி.பி.சி. நான்கு பகுதிகளாக எடுத்தது. நாவலை எழுதியவர் எலிசபெத் காஸ்கெல் அம்மையார். மான்செஸ்டரில் ஒரு பாதிரியாரின் மனைவி. தொழிலாளர் குடியிருப்புகளை நேரில் பார்த்தவர். பிரஸ்டன் நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் நூற்றுக்குப் பத்துக் கூலி உயர்வு கேட்டு, முதலாளிகளின் கதவடைப்பையும் எதிர்த்து, 1853-லும் 1854-லும் மாதக்கணக்கில் நின்று தோற்றார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள், 1854-லேயே, டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் இந்தக் கதை தொடராக வெளிவரத் தொடங்கியது.

இதில் பெஸ்ஸி என்று ஒரு பெண் வருகிறாள். வயது பத்தொன்பது. கார்டிங் பகுதியில் வேலை செய்து நெஞ்சில் பஞ்சு அடைத்துச் சாகக் கிடக்கிறாள். தூசியை இழுக்கப் பெரிய காற்றுச் சக்கரம் ஒன்று வைக்கலாமே, ஏன் வைக்கவில்லை? அதற்கு ஐந்நூறு அறுநூறு பவுன் ஆகும், அதனால் லாபம் ஒன்றும் இல்லை, ஆகவே எல்லா முதலாளிகளும் வைப்பதில்லை என்று அவளே விளக்குகிறாள். பஞ்சை விழுங்கிப் பழகிய சிலர் சக்கரமே வேண்டாம் என்றார்களாம். வயிற்றுக்குள் பஞ்சு போகாவிட்டால் பசி அதிகமாகிறது, அதற்குத் தக்கபடி கூலி உயரவேண்டும் என்பது அவர்கள் கட்சி! நூற்றெழுபது வருஷத்துக்கு முன் எழுதிய வரிகள். நம்முடைய புளோரூம் தோழர்களுக்கும் கார்டிங் தோழர்களுக்கும் இதற்கு உரை எழுத வேண்டியதில்லை. அவர்களுடைய இருமலே உரை.

டெலிவிஷனில் இந்தத் தூசியைக் காட்டியிருக்கிறார்கள். கதவு திறக்கிறது, தறிகளுக்கு மேலே வெள்ளை வெளேரென்று பஞ்சு பறக்கிறது, பனி பெய்வதுபோல. அழகாகவும் இருக்கிறது, பயங்கரமாகவும் இருக்கிறது. அதை எடுத்தவனை நான் குறை சொல்லமாட்டேன். வேலைநிறுத்தத்தையும் காட்டுகிறார்கள். அயர்லாந்திலிருந்து கூட்டி வந்த கருங்காலிகள், ஆலை வாசலில் கூட்டம், பட்டாளம், எல்லாம் உண்டு. சங்கத் தலைவன் ஹிக்கின்ஸ் முட்டாளாகவோ ரவுடியாகவோ இல்லை; மானமுள்ள மனிதனாக இருக்கிறான். பட்டினி தாங்காமல் கட்டுப்பாட்டை மீறிய பவுச்சர், கடைசியில் ஓடையில் விழுந்து செத்துப்போகிறான். அவன் பிள்ளைகளை ஹிக்கின்ஸ் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கிறான். அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதற்காகத் தலையைக் குனிந்து முதலாளி வாசலில் போய் வேலை கேட்டு நிற்கிறான். வேலைநிறுத்தம் தோற்ற ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும், அந்த வாசலில் நிற்பது என்னவென்று.

ஆனால் முடிவு? முதலாளி தார்ன்டன் நொடித்துப் போகிறார். கதாநாயகி மார்கரெட்டுக்கு உயில் மூலம் சொத்து வருகிறது. அந்தப் பணம் ஆலையைத் தூக்கி நிறுத்துகிறது. காதலும் கைகூடுகிறது. நாவலில் இல்லாத ஒரு ரயில் நிலையத்தைக் கொண்டுவந்து, அங்கே இருவரும் முத்தமிட்டுக்கொள்வதோடு டெலிவிஷனில் கதையை முடித்தார்கள். இந்த நாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ரயில் நிலையத்தைத்தான் பேசுகிறார்கள். பெஸ்ஸியைப் பேசுவது அபூர்வம்.

ஒரு விசித்திரம் கேளுங்கள். 2004-ல் சங்கத் தலைவன் ஹிக்கின்ஸாக நடித்தவர் பிரென்டன் கோயில் என்ற நல்ல நடிகர். 2010-ல் அதே மனிதர் டவுன்டன் மாளிகையில் பிரபுவுக்குச் சட்டை மாட்டிவிடும் விசுவாச ஊழியன் பேட்ஸாக வந்து உலகப் புகழ் அடைந்தார். நடிகரைக் குற்றம் சொல்லவில்லை; கிடைக்கிற வேடத்தைப் போடுகிறார். ஆலைவாசலில் நின்றபோது வராத புகழ் பிரபுவின் படுக்கையறையில் வந்ததே என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

சந்திரகாந்தக் கல்

துப்பறியும் நாடகங்களுக்கு வருவோம். இவற்றின் சூத்திரம் நம் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு பங்களா. ஒரு பிணம், அல்லது காணாமற்போன ஒரு நகை. போலீஸ்காரன் விழிக்கிறான். முதலில் சந்தேகப்படுவது வேலைக்காரியை. பிறகு மூளைக்காரர் ஒருவர் வந்து எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து, "குற்றவாளி இவன்!" என்று விரலை நீட்டுகிறார். அவனைக் கொண்டுபோனதும் பங்களா சுத்தமாகிவிடுகிறது. அகதா கிறிஸ்டி அம்மையாரின் பொய்ரோ கதைகளை மட்டும் ஐ.டி.வி. 1989 முதல் 2013 வரை எழுபது நாடகங்களாக எடுத்தது. அந்த அம்மையார் நம் கட்சிக்காரர் அல்ல. ஆனாலும் அவர் கதைகளில் எத்தனையில் கொலைக்குக் காரணம் சொத்து, உயில், பங்கு! அண்ணனைத் தம்பி கொல்கிறான், மனைவியைக் கணவன் கொல்கிறான், எல்லாம் பணத்துக்காக. சொத்து மனிதனை என்ன செய்கிறது என்பதற்கு அந்த வர்க்கத்தின் நடுவிலிருந்தே வந்து சாட்சி சொல்லியிருக்கிறார்.

அந்தச் சொத்து வந்த வழி என்ன? இங்கேதான் வில்கி காலின்ஸ் எழுதிய 'சந்திரகாந்தக் கல்' என்ற நாவல் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1868-ல் வந்தது. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுக்கெல்லாம் முன்னோடி என்று புகழ் பெற்றது. பி.பி.சி. இதை 1972, 1996, 2016 ஆகிய ஆண்டுகளில் நாடகமாக்கியது.

கதை எங்கே தொடங்குகிறது? ஸ்ரீரங்கப்பட்டணத்தில்! 1799-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி. ஜெனரல் ஹாரிஸின் கம்பெனிப் பட்டாளம் வேலூரிலிருந்து புறப்பட்டுப் போய்க் கோட்டையை உடைத்துத் திப்புவைக் கொன்ற நாள். இதுவரை சரித்திரம். அந்தக் கொள்ளையில் ஹெர்ன்காஸில் என்ற வெள்ளைக்கார அதிகாரி, காவல் நின்றவர்களைக் கொன்றுவிட்டு ஒரு கோவில் வைரத்தை எடுத்துக்கொண்டு போகிறான். இது நாவல். வைரம் இங்கிலாந்துக்குப் போகிறது. அவன் மருமகளின் பிறந்த நாளுக்குப் பரிசாக வருகிறது. அன்று இரவே காணாமற்போகிறது. உடனே கூக்குரல்! போலீஸ்! லண்டனிலிருந்து துப்பறிவாளர்! திருடிய வைரம் திருட்டுப் போனதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

சந்தேகம் யார்மேல் விழுகிறது? வைரத்தைத் தேடிக் கடல் கடந்து வந்த மூன்று இந்தியர்கள்மேல். பிறகு ரோசன்னா என்ற வேலைக்காரிமேல். அவள் முன்னொரு காலத்தில் திருடிச் சிறை சென்றவள்; ஒரு தோள் மற்றதைவிடப் பெரிது; எஜமானியின் உறவுக்கார வாலிபனை மனசுக்குள் நேசித்தவள். அவன் அவளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. கடைசியில் கடற்கரைப் புதைமணலில் இறங்கி உயிரை விடுகிறாள். அவளுடைய தோழி, மீன்பிடிப்பவன் மகள் ஒருத்தி, நொண்டிக் கால்காரி, ஏழைகள் பணக்காரர்கள்மேல் எழும் நாள் தூரத்தில் இல்லை என்று பொரிந்து தள்ளுகிறாள். காலின்ஸ் துணிந்துதான் எழுதியிருக்கிறார்.

உண்மையான திருடன் யார்? காட்பிரே என்ற கனவான். பெண்கள் நடத்தும் தர்ம ஸ்தாபனங்களுக்கெல்லாம் தலைவர். மேடை ஏறி ஏழைகளுக்காக உருகுகிறவர். மைனர் ஒருவனின் சொத்தைப் பொறுப்பேற்று அதைத் தின்றுவிட்டு, ஈடுகட்ட வைரத்தை வட்டிக்காரனிடம் அடகு வைத்தவர். நம்மூரிலும் இப்படிப்பட்ட தர்மகர்த்தாக்களைப் பார்த்திருக்கிறோம். கடைசியில் வைரம் சோமநாதபுரத்துக்கே திரும்புகிறது. கோவில் வைரம், சந்திரன் சாபம் என்ற ஜோடனையெல்லாம் இருக்கட்டும். கொள்ளையடித்த சொத்து கொள்ளை கொடுத்தவனிடமே திரும்ப வேண்டும் என்று 1868-ல் ஒரு வெள்ளைக்காரர் எழுதினார். நிஜத்தில் என்ன நடந்தது? ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து எடுத்துப்போன திப்புவின் மரப்புலி, வெள்ளைக்காரன்மேல் பாய்ந்து நிற்கும் அந்தப் புலி, இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சி சாலையில் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

கிறிஸ்டி அம்மையாரின் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1953-ல் எழுதியது, பி.பி.சி. 1985-லும் ஐ.டி.வி. 2009-லும் நாடகமாக்கின. பணமுதலை ஒருவன் விஷத்தால் சாகிறான். அவன் பணத்துக்குப் பின்னால் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சுரங்கம். அந்த வீட்டு வேலைக்காரி கிளாடிஸ் அனாதை, வெகுளி. கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லி அவள் கையாலேயே விஷத்தைச் சேர்க்க வைத்தவன் வீட்டுக்காரனின் மகன். பிறகு அவளையும் கழுத்தை நெரித்துக் கொன்று, துணி உலர்த்தும் கிளிப்பை மூக்கில் மாட்டிவிட்டுப் போகிறான். துப்பறியும் கிழவி மார்பிளுக்குக் கொலையைவிட அந்தக் கிளிப்தான் தாங்கவில்லை. செத்த பிறகும் வேலைக்காரியை ஏளனம் செய்தானே என்று கொதிக்கிறாள். கிளாடிஸ் சாவதற்கு முன் எழுதிய கடிதம் கதையின் கடைசியில் வந்து சேருகிறது. கொலைகாரனின் போட்டோ அதில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பங்களாக் கொலைகளுக்கு நடுவே, ஒரு வேலைக்காரியின் சாவுக்காகக் கோபப்பட்ட இந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

இந்த வகை நாடகங்களுக்கெல்லாம் மூத்தது 'மாடியும் கீழ்த்தளமும்'. 1971 முதல் 1975 வரை ஐ.டி.வி.யில் வந்தது. லண்டன் ஈட்டன் பிளேஸில் ஒரு பணக்கார வீடு. மேலே எஜமானர்கள், கீழே வேலைக்காரர்கள். இதை முதலில் யோசித்தவர்கள் ஜீன் மார்ஷ், எய்லீன் அட்கின்ஸ் என்ற இரண்டு நடிகைகள். முன்னவரின் தாய் வீட்டு வேலைக்காரியாக இருந்தவர். பின்னவரின் தந்தையும் ஊழியம் செய்தவர். வேலைக்காரர்களின் வாழ்க்கையைச் சொல்லவேண்டும் என்று தொடங்கியது, போகப் போக மாடிக்கும் சரிபாதி இடம் கொடுத்தது. அதன் ஆரம்பப் பாகங்கள் சிலவற்றை இன்று போட்டுப் பார்த்தால் கறுப்பு வெள்ளையில் இருக்கும். கலர் வந்துவிட்ட பிறகு ஏன் கறுப்பு வெள்ளை? 1970 நவம்பர் முதல் 1971 பிப்ரவரி வரை ஐ.டி.வி. தொழில்நுட்பத் தொழிலாளர்கள், கலர்க் கருவிகளில் வேலை செய்யக் கூடுதல் சம்பளம் கேட்டார்கள். கொடுக்கும்வரை கலரைத் தொடமாட்டோம் என்று நின்றார்கள். பணிவுள்ள வேலைக்காரர்களைப் பற்றிய நாடகத்தைப் படம் பிடித்த கைகள் அவை. அந்தப் பாகங்களில் பட்லர் வந்து வணங்குகிறார், வேலைக்காரி வெள்ளித் தட்டைத் துடைக்கிறாள். திரையில் நிறம் இல்லை. முதல் பாகத்தை மட்டும் பிறகு கலரில் மறுபடி எடுத்தார்கள்.